டெஸ்டர் சார்

சட்டைப்பையில் டெஸ்டர் குத்தியிருப்பவரை எல்லாம் எலக்ட்ரீஷியன் என்று எண்ணிவிடாதீர்கள். அவர் கூட்டுறவு வங்கியில் ஆடிட் பார்த்து ஓய்வு பெற்றவராக இருக்கலாம். பணம் எந்த ஓட்டை வழியாகப் போகிறது என்று பார்த்துப் பார்த்துப் பழகின கண். ஓய்வுக்குப் பிறகு அந்தக் கண்ணுக்கு வேறு ஓட்டை வேண்டாமா? இருக்கவே இருக்கின்றன வீட்டுப் பிளக் பாயிண்டுகள். தெருவுக்கு ஒருவராவது இப்படித் தேறுவார். பெயர் என்னவாக இருந்தாலும் அக்கம்பக்கத்துக்கு அவர் டெஸ்டர் சார்தான்.

அவர் வீட்டுச் சுவரைப் பார்த்தாலே ஆளைப் புரிந்துகொள்ளலாம். ஹாலில் இருக்கும் பாயிண்டுகளுக்கெல்லாம் வெள்ளை பிளாஸ்டிக் மூடி. படுக்கையறையில் சிவப்பு இன்சுலேஷன் டேப். ஃப்ரிஜ்ஜுக்குப் பின்னால் ஒயரே இல்லாத பழைய பிளக் டாப் ஒன்று, சும்மா செருகி வைத்தது. பால்கனியில் எம்-சீல், அந்தப் பாயிண்டுக்கு இனி விமோசனமே கிடையாது. விருந்தாளி தயங்கித் தயங்கி, “சார், போனுக்கு சார்ஜ் போடணும்” என்பார்.

“எவ்வளவு இருக்கு?”

“நாப்பது பர்சென்ட்.”

“ராத்திரி வரைக்கும் தாங்குமே!”

பாயிண்டு விஷயத்தில் அவர் எதிரிகள் இரண்டு பேர்: எறும்பு, குளவி. எறும்பை அவர் பெரிதாக மதிப்பதில்லை. கன்சீல்டு வயரிங் வந்த பிறகு சுவருக்குள் போகிற பி.வி.சி. பைப்தான் எறும்புக்கு ராஜபாட்டை. சமையலறைச் சர்க்கரை டப்பாவில் கிளம்பினால் வெயில் படாமல் படுக்கையறை ஃபேன் ரெகுலேட்டர் வரைக்கும் போய்ச் சேரலாம். போர்டுக்குள் கதகதப்பு, ஈரம் கிடையாது, விளக்குமாறு வராது. ஆனால் சுவிட்சைத் தட்டும்போது காண்டாக்டுக்கு நடுவில் ஒன்று சிக்கிச் செத்தால், சாகும்போது அது விடுகிற வாசனைக்கு மற்றவை ஓடி வருகின்றன. வந்தவையும் அதே இடத்தில் கருகும். டெஸ்டர் சார் இதை விளக்குவது ஒரே வரியில்: “ஒண்ணு செத்தா எழவுக்கு ஊரே வருது சார், வந்தவனும் திரும்பிப் போறதில்லை.” அப்படிச் சேர்ந்த குவியல்தான் சுவிட்சை இறுக்கிவிடும். காலிங் பெல் அடிக்காமல் போவதும், ரெகுலேட்டரில் படபடவென்று சத்தம் வருவதும் பல வீடுகளில் இதனால்தான்.

அவர் சொல்வதில் பெரும்பாலானது சரி. எரிச்சலே அதுதான். பக்கத்து வீட்டுக்காரர் பூச்சிமருந்து டப்பாவை போர்டுக்குள் சர்ரென்று அடித்தபோது இவர் காம்பவுண்டு சுவர் மேலேயே எட்டிக் கத்தினார்: “டின்னுல நெருப்புப் படம் போட்டிருக்கான் பாருங்க! உள்ளே இருக்கிற கேஸ் பத்திக்கும். ஒரு பொறி போதும்!” எதிர்வீட்டு அம்மா மஞ்சள்தூள் தூவலாமா என்று கேட்டதற்கு, “போர்டுல சாம்பாரா வைக்கப் போறீங்க?” என்றார். அவர் வழி தனி. மெயினில் எம்.சி.பி.யை இறக்க வேண்டும். இறக்கிய பிறகும் நம்பாமல் டெஸ்டர் வைத்துப் பார்க்க வேண்டும். போர்டைக் கழற்றிப் பழைய டூத் பிரஷ்ஷால் தட்டி, பைப் வந்து நுழைகிற வாயைப் பட்டி வைத்து அடைக்க வேண்டும். “ஓட்டையை வெளியில அடைச்சா வாசல்தான் மூடும், தெரு மூடாது” என்பார். எறும்பு விவகாரம் அதோடு முடிந்தது.

குளவி விஷயம் வேறு. அதை அவர் சமமான எதிரியாக நடத்துகிறார். மூன்று ஓட்டைப் பாயிண்டில் மேலே தனியாக இருக்கிற பெரிய ஓட்டை, எர்த் ஓட்டை. 5 ஆம்பியர் பிளக்கில் எர்த் பின் சுமார் 7 மில்லிமீட்டர் கனம். 15 ஆம்பியரில் 8.7. குளவி உடம்புக்கு அளவெடுத்துத் தைத்த மாதிரி. ஷட்டர் வைத்த பாயிண்டிலும் மூடியிருப்பது கீழே இருக்கும் இரண்டு ஓட்டைதான். நீளமான எர்த் பின் முதலில் போய்த் தள்ளினால் அவை திறக்கும். எர்த் ஓட்டைக்குக் கதவு இல்லை. மழை பெய்து மண் ஈரமானதும் குளவி உருண்டை உருண்டையாகச் சேறு கொண்டுவந்து வேலையைத் தொடங்கிவிடும். பிளக் உள்ளே போகாது. உடனே நம் வீட்டு வீரர்கள் எர்த் பின்னையே பிடுங்கிவிட்டு, ஸ்க்ரூ டிரைவரால் ஷட்டரை நெம்பி, கிரைண்டரை ஓட்டுவார்கள். அந்த ஒரு காட்சியைக் கண்டால் டெஸ்டர் சாருக்குக் கண் சிவந்துவிடும். “எர்த்தைப் பிடுங்கிட்டு கிரைண்டரைத் தொடறதுக்கு நேரா டிரான்ஸ்ஃபார்மரையே தொடலாமே!” இதில் நான் அவர் கட்சி.

கேலி செய்பவர்களுக்காக அவர் ஒரு விமானத்தையே கைவசம் வைத்திருக்கிறார். 2013-ல் ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பேனில் கிளம்பிய ஏர்பஸ் ஏ330 திரும்ப வேண்டியதாயிற்று. வேகம் அளக்கிற பிட்டோ குழாய்க்குள் குளவி மண்ணை வைத்து அடைத்திருந்தது. “அத்தனை பெரிய பிளேனு!” என்று இவர் கையை விரிக்க, அவர் மனைவி அடுக்களையிலிருந்தே சொன்னார்: “நம்ம மிக்ஸி பறக்கப் போறதில்லைங்க.”

விதி அந்த மிக்ஸியிலேயே வந்தது. மகள் தலைப்பிரசவத்துக்கு வந்திருந்தாள். ஒரு நாள் காலை மிக்ஸி பாயிண்டின் எர்த் ஓட்டையில் ஈர மண். டெஸ்டர் சார் எம்.சி.பி.யை இறக்கிவிட்டு, டெஸ்டரை ஓங்கிக்கொண்டு வந்தார்.

“கையை எடுங்க! வயித்துப்பிள்ளைக்காரி இருக்கிற வீட்டுல குளவிக்கூட்டைக் கலைப்பாங்களா?” என்றார் மனைவி.

முப்பது வருஷ ஆடிட்டில் கேட்காத ஆட்சேபணை. அரைமணி நேரத்தில் தெருப்பெண்கள் கூடிவிட்டார்கள். உருண்டைக் கூடானால் இன்ன குழந்தை, நீளக் கூடானால் இன்ன குழந்தை என்று ஆளுக்கொரு சாஸ்திரம். கூடோ ஓட்டைக்குள், வடிவம் யாருக்கும் தெரியாது. ஆகவே இரண்டு கட்சியும் வெற்றியோடு கலைந்தன.

ஓட்டையருகே ஸ்டூல் போட்டு உட்கார்ந்து அவர் அந்தக் குளவியைப் பார்த்தார். பின்பக்கமாகத் திரும்பி நுழைந்தது, பிறகு கொட்டி மயக்கிய பச்சைப் புழு ஒன்றைத் தூக்கி வந்தது, உள்ளே திணித்தது, வாயை மண்ணால் பூசி, முகத்தால் தட்டித் தட்டி வழவழப்பாக்கியது. “பூச்சு வேலை நம்ம கொத்தனாரை விட நல்லா இருக்கு” என்று வாய்விட்டே சொல்லிவிட்டார். கொட்டிக் கொட்டியே புழுவைக் குளவியாக்கிவிடும் என்று மனைவி சொன்னதும், “புழு மாறலை. உள்ளே குளவி முட்டை இருக்கு. அதுல வர்ற குஞ்சு புழுவைத் தின்னுட்டு வளருது” என்று திருத்தினார்.

“நீங்க உள்ளே போய்ப் பார்த்தீங்களா?”

ஆடிட்டர் வாயடைத்தார். குளவி காலி செய்யும்வரை ரசப்பொடியும் சட்னியும் ஹாலில் எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் போட்டு அரைபட்டன. அந்தப் பெட்டியில் மூடியில்லாத பாயிண்டுகள் வரிசையாக வாயைத் திறந்திருந்ததால் கொசு பேட்டோடு அவரே பக்கத்தில் காவல்.

பிரசவம் நல்லபடி ஆனது. மண்மூடியில் துளைபோட்டுக் குளவிக்குஞ்சும் பறந்தது. பேரன் தவழும் பருவத்தில் மகள் மறுபடி வந்தபோது, “அப்பா வீட்டுல பாயிண்டெல்லாம் மூடியிருக்கு, பயமில்லை” என்றாள். டெஸ்டர் சார் கேட்ட முதல் பாராட்டு. அன்று மாலையே பேரன் மூடி ஒன்றை நகத்தால் நெம்பி எடுத்து வாயில் போட்டுக்கொண்டான். தலைகீழாகப் பிடித்து முதுகில் தட்டி வெளியே எடுத்தார்கள்.

இப்போது பாயிண்டுகளையெல்லாம் நாலரை அடி உயரத்துக்கு ஏற்றுவதாகத் திட்டம். எலக்ட்ரீஷியன் தம்பி வந்து, சுவரைத் தட்டிப் பார்த்து, எஸ்டிமேட் எழுதிக் கொடுத்திருக்கிறான். அவர் மனைவி காகிதத்தைக் கண்ணாடி போட்டு இரண்டு தரம் படித்தார்.

“குளவி ஓசியில அடைச்சுது. இவன் முப்பதாயிரம் கேக்கிறான்.”