ஃப்ளைவீல் ஜன்னல்

1984-ல் நாமக்கல்லில் ஒரு லாரிப் பட்டறையில் சேர்ந்தேன். அங்கே எனக்குக் கிடைத்த முதல் பொறுப்பான வேலை, வண்டிக்கடியில் மல்லாந்து படுத்து ஓர் ஓட்டைக்குள் பார்ப்பது. ஃப்ளைவீல் ஹவுசிங்கின் ஓரத்தில் தீப்பெட்டி அளவில் ஒரு ஜன்னல் இருக்கும். மூடியைக் கழற்றினால் உள்ளே ஃப்ளைவீலின் விளிம்பும் அதில் வெட்டிய கோடும் தெரியும். மேலே மேஸ்திரி, டீசல் பம்பில் முதல் சிலிண்டருக்குப் போகும் பைப்பைக் கழற்றிவிட்டு, அன்னத்தின் கழுத்து போல வளைந்த ஒரு சின்ன பைப்பை மாட்டியிருப்பார். நான் ரிங் கியர் பல்லில் கம்பியைக் கொடுத்து நெம்பி நெம்பி ஃப்ளைவீலைத் திருப்புவேன். அந்தக் கழுத்திலிருந்து ஒழுகும் டீசல் சரமாக வந்து, மெலிந்து, சொட்டாகி நிற்கும். அது நிற்கும் இடத்தில் கோடு முள்ளுக்கு நேராக இருக்கிறதா என்று நான் சொல்ல வேண்டும்.

“நல்லாப் பாத்துச் சொல்லு கண்ணு. உன் கண்ணை நம்பித்தான் பம்பைப் பூட்டப் போறேன்” என்பார்.

ஒரு நூல் தள்ளி இருந்தாலும் பம்பை அசைத்து மறுபடி முதலிலிருந்து தொடங்குவோம். கண்ணில் எண்ணெய் சொட்டும். கை மரத்துப்போகும். “வந்துருச்சுங்க மேஸ்திரி” என்று நான் சொன்ன பிறகுதான் அவர் ஸ்பேனரை எடுப்பார். அவர் ஒருநாளும் குத்துமதிப்பாகப் பூட்டியதில்லை.

நாற்பது வருடம் கழித்து, போன ஐப்பசியில், அதே ஃப்ளைவீல் ஹவுசிங் ஓரத்துக்கு மறுபடி போக வேண்டி வந்தது. வந்தது ஒரு முட்டை லாரி, 2014 மாடல், காமன் ரெயில் இன்ஜின். பெங்களூருக்கு லோடு ஏற்றிப் போகும்போது தொப்பூர் ஏற்றத்தில் நின்றுவிடுகிறது.

“செல்ஃப் நல்லாச் சுத்துதுங்க மேஸ்திரி, இன்ஜின்தான் பிடிக்க மாட்டேங்குது. அரை மணி நேரம் ஆறவிட்டா ஒண்ணுமே நடக்காத மாதிரி ஸ்டார்ட் ஆயிருது” என்றார் டிரைவர். லாரிகள் வரிசையாக ஏறுகிற அந்த மேட்டில், ராத்திரியில், பின்னால் கல்லை வைத்துவிட்டு நிற்பது எவ்வளவு பயமான காரியம் என்று அந்த வழியில் ஓடுகிறவர்களுக்குத் தெரியும்.

ஏற்கெனவே இரண்டு இடங்களில் பார்த்திருக்கிறார்கள். ஸ்கேனரைப் போட்டதும் ‘கிராங்க் சென்சார் சிக்னல் இல்லை’ என்று வந்திருக்கிறது. சென்சாரை மாற்றியிருக்கிறார்கள், மூன்று தடவை. எனக்கு வயிறு எரிந்தது. சிக்னல் வரவில்லை என்றுதான் ஸ்கேனர் சொன்னது. சென்சார் செத்துவிட்டது என்று சொல்லவில்லை. கடிதம் வரவில்லை என்றால் எழுதுகிறவரையா மாற்றுவோம்? தபால்காரரையும் ஒரு வார்த்தை கேட்க வேண்டாமா?

அந்த சென்சாருக்குள் ஒரு காந்தமும் அதைச் சுற்றிய செம்புக் கம்பிச் சுருளும் தவிரப் பெரிதாக ஒன்றுமில்லை. ஃப்ளைவீலின் பல்லோ குழியோ முன்னால் கடக்கும்போதெல்லாம் ஒரு சின்ன மின் அலை எழும். பல வண்டிகளில் அறுபதுக்கு இடம் பிரித்து, இரண்டை மட்டும் விட்டு வைத்திருப்பார்கள். அந்த இடைவெளி கடக்கும்போதுதான் பிஸ்டன் எங்கே நிற்கிறது என்று கம்ப்யூட்டருக்குத் தெரியும். தெரியாவிட்டால் அது டீசலை விடாது. அன்று ஜன்னலில் நான் பார்த்துச் சொன்னதைத்தான் இன்று இந்த சென்சார் சொல்கிறது, நிமிடத்துக்கு ஆயிரம் தடவைக்கு மேல்.

இருக்கிற இடம்தான் பாடு. கேபினைத் தூக்கினால் செல்ஃப் மோட்டாரும் ஏர் பைப்புகளும் மறைக்கின்றன. கீழே போனால் கியர் பாக்ஸ் இடிக்கிறது. பக்கவாட்டில் சேஸிஸ். இரண்டு விரல் நுழையும், கண் நுழையாது. அதனால் முதலில் சென்சார் பக்கமே போகவில்லை. சாவியை அணைத்துவிட்டு, கம்ப்யூட்டர் பக்கத்து கனெக்டரைப் பிடுங்கி, சென்சாரின் இரண்டு ஒயரைத் தேடி மல்டிமீட்டரை வைத்தேன். 870 ஓம். இந்த வகைக்கு அது நல்ல கணக்கு. இங்கேதான் பலரும் ஏமாறுகிறார்கள். ஆறிய வண்டியில் எல்லாம் நன்றாகத்தான் இருக்கும்.

மாட்டிவிட்டு, லோடோடு சேலம் வரை ஓட்டச் சொல்லி நானும் ஏறிக்கொண்டேன். திரும்பி வரும்போது பட்டறைக்குப் பக்கத்திலேயே நின்றது. சூடு ஆறுவதற்குள் அதே ஒயரில் மீட்டரை வைத்தேன். ஒன்றும் காட்டவில்லை.

இனி கை போயே ஆக வேண்டும். என் விரல்கள் பெருத்துவிட்டன. பட்டறைப் பையன், பத்தொன்பது வயது, கையில் துணியைச் சுற்றிக்கொண்டு கீழே நுழைந்தான். சென்சாரில் இருந்த கனெக்டரைத் தடவிக் கழற்றி, மீட்டரின் முனைகளை நேராக அதன் பின்னில் வைத்தான். 1,020. சூட்டில் செம்பின் தடை கூடும். அந்த ஏற்றம் சரியான ஏற்றம். சென்சார் பழுதில்லை.

“ஒயரைப் பிடிச்சு மெதுவா அசைச்சுக்கிட்டே வா, தம்பி” என்றேன். கனெக்டரைத் திரும்ப மாட்டிவிட்டு அசைத்தான். மேலே என் கையிலிருந்த மீட்டரில் எண் வந்தது, போனது, வந்தது. “எந்த இடத்துலடா?” “கிளிப்புக்குப் பின்னாடிங்க. அங்க மட்டும் ஒயர் தொளதொளன்னு மடங்குது.”

வெட்டிப் பார்த்தோம். மேலுறையில் ஒரு கீறல்கூட இல்லை. உள்ளே செம்பு இற்றுப்போயிருந்தது. ஆறினால் நுனிகள் தொட்டுக்கொள்ளும், சூட்டில் விலகும். புது ஒயர் வைத்து, ஈயம் வைத்து, இன்ஜின் குலுங்குவதற்கு இடம்விட்டு லூசாகக் கட்டினோம். சென்சார் நுனியில் மீசை போல ஒட்டியிருந்த இரும்புத் தூளையும் துடைத்தோம். முட்டைக்காரருக்கு மூன்று லோடு தவறியிருந்தது. அதை யார் கொடுப்பது?

கழற்றிப் போட்ட பழைய சென்சார்களை டிரைவர் ஒரு பிளாஸ்டிக் பையில் சீட்டுக்கடியில் வைத்திருந்தார். பையனிடம் கொடுத்து அளக்கச் சொன்னேன். வெந்நீரில் முக்கியும் அளந்தான். ஒவ்வொன்றிலும் டேப் ஒட்டி எண்ணை எழுதினான்: 868, 875, 861. மூன்றையும் துடைத்து அதே பையில் போட்டு டிரைவரிடம் திருப்பிக் கொடுத்தான்.