அவள் மனம் நோகாமல்

எங்கள் பெங்களூர் ஜெயநகர் அடுக்ககத்தின் மூன்றாம் மாடிக்காரர் மனைவியிடம் பொய் சொன்னதில்லை, மன்னிப்பும் கேட்டதில்லை. இரண்டையும் செல்பேசிக்குள் இருக்கும் பயிற்சியாளினிக்கென்று சேர்த்து வைத்திருக்கிறார்.

காலை ஐந்தரைக்கு அவள் எழுப்புவாள். இன்று 10,000 அடி நடக்கலாமா? இவர் போர்வைக்குள் இருந்தபடியே முழங்கால் வலி, ராத்திரி கலிபோர்னியாக்காரனோடு மீட்டிங், வெளியே தூறல் என்று விலாவாரியாகத் தட்டுவார். அரை மணி ஆகும். அதற்குள் லால்பாக் பூங்காவின் ஏரியை ஒரு சுற்றுச் சுற்றி வந்துவிடலாம். பரவாயில்லை, உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று அவள் சொன்னதும்தான் திரும்பிப் படுப்பார்.

இந்த 10,000 எந்த டாக்டரும் எழுதிக் கொடுத்ததில்லை. 1965-இல் ஜப்பானில் விற்பனைக்கு வந்த அடி எண்ணும் கருவியின் பெயரே ‘பத்தாயிரம் அடி மானி’ என்பதுதான். இதை அவரிடம் சொன்னேன்.

“அப்ப நடக்க வேண்டாம்ங்கறீங்களா?” என்றார், அவ்வளவு ஆசையாக.

அவருக்கு அடி எண்ணும் கைக்கடிகாரம் கால்களைப் பார்ப்பதில்லை, மணிக்கட்டு ஆடுவதைத்தான் எண்ணுகிறது. இது தெரிந்த நாளிலிருந்து, வீட்டம்மா சப்பாத்தி மாவு பிசைகிற நேரமாகப் பார்த்து அந்தக் கையில் கட்டிவிடுகிறார். அம்மாள் முதல்நாள் பூரித்துப் போனாள். பயிற்சியாளினி பதக்கம் அனுப்பினாள். “எல்லாம் நீங்க கொடுத்த ஊக்கம்” என்று இவர் பதில் போட்டார்.

இவரை மட்டும் சொல்லிக் குற்றமில்லை. அமெரிக்காவில் டிமதி பிக்மோர் என்பவர் லாரா என்றொரு பெண்ணைக் கணினித் திரையில் படைத்து, ஆட்களை நடக்கச் சொல்ல வைத்தார். 2005-இல் முடிவு வந்தது. வெறும் கணக்குக் கேட்ட லாராவைவிட, குசலம் விசாரித்த லாராவைத்தான் ஜனங்களுக்குப் பிடித்திருந்தது. இன்னும் பேச ஆசைப்பட்டார்கள். நடைதான் அதனால் கூடியதாகத் தெரியவில்லை. லாராவின் தங்கைகள் இப்போது இங்கேயே பிறக்கிறார்கள். பெங்களூரில் 2012-இல் தொடங்கிய ஹெல்திஃபைமீ செயலியில் ரியா என்றொருத்தி இருக்கிறாள். எங்கள் ஆளுடையவள் யாரென்று நான் கேட்டதில்லை. அது குடும்ப விஷயம்.

ஞாயிறு மட்டும் என்னோடு லால்பாக் வருவார். 300 கோடி வயதுப் பாறையில் ஏறி உட்கார்ந்து அவளுக்குச் சூரியோதயப் படம் அனுப்புவார். பாறை அசைவதில்லை, இவரும் போட்டி போடுவார். பசி வந்தால்தான் எழுந்திருப்பார். 1924-இல் தொடங்கிய எம்.டி.ஆர். உணவகம் பக்கத்திலேயே. அங்கே இடத்துக்காக முக்கால் மணி நேரம் நின்றார் பாருங்கள், முழங்கால் வலி என்று ஒரு வார்த்தை இல்லை.

நெய் சொட்டும் மசால் தோசை வந்தது. கடிகாரத்தைக் கழற்றிச் சட்டைப்பைக்குள் போட்டார். செல்பேசியைக் கவிழ்த்து, மேலே கைக்குட்டையால் மூடினார்.

“பார்த்தா மனசு கஷ்டப்படுவா சார்” என்று என் காதோரம் சொல்லிவிட்டு, பரிமாறுகிறவரைக் கூப்பிட்டார்.

“காபி. ஸக்கரெ ஸ்வல்ப ஜாஸ்தி.”