வாசலுக்கு வந்த லாந்தர் கம்பம்

அப்பாயி வீட்டு வாசல் நிலையின் இரு பக்கமும் மாடக்குழி உண்டு. பொழுது சாய்ந்ததும் ஒன்றில் அகல் எரியும். கார்த்திகையில்தான் இரண்டிலும். "இருட்டுல வர்றவங்களுக்கு வாசப்படி தெரியணும் சாமி" என்பார் அப்பாயி. காற்றில் சுடர் அணையாதபடி சுவருக்குள் குடைந்து, மேலே வளைத்து முடித்திருப்பார்கள். அந்த வளைவுதான் அழகு. கொத்தனார் அதற்கென்று தனியாக எதையும் ஒட்டவில்லை.

எங்கள் ஊரான ரஞ்சன்குடியில் அன்று வெளியே எரிந்த ஒவ்வொரு விளக்குக்கும் ஒரு வேலை இருந்தது. மாட்டுக் கொட்டகைக்கு அரிக்கேன், கல்யாணத்துக்கு பெட்ரோமாக்ஸ். முதல் மழைக்குப் பிறகு கம்பளிப்புழுவின் தாய் அந்துப்பூச்சிகள் கிளம்பும். அப்போது அதே பெட்ரோமாக்ஸ் கடலைக் காட்டுக்குப் போகும். விளக்கின் கீழே மண்ணெண்ணெய் கலந்த தண்ணீர்த் தட்டு; வெளிச்சம் தேடி வந்த பூச்சி அதில் விழும்.

இன்று திருச்சி–சென்னை நாற்கரச் சாலையை ஒட்டிய புது வீடுகளில் கேட் தூணுக்குத் தூண் உருண்டை லைட், நடைபாதை ஓரம் சோலார் விளக்கு, தோட்டத்தில் கறுப்பு லாந்தர் கம்பம். 1807இல் லண்டன் பால்மால் தெருவில் காஸ் விளக்கு எரிந்தது. அதன்பின் ஐரோப்பிய நகரங்களில் பரவிய கம்பங்களின் சாயல்தான் இந்த லாந்தர் கம்பம். அவற்றின் கழுத்தில் ஒரு குறுக்குக் கம்பி இருக்கும்; விளக்கேற்ற வருபவர் ஏணியைச் சாய்ப்பதற்கு. ஏற்றுபவரும் போனார், ஏணியும் போனது. அலுமினிய வார்ப்பில் குறுக்குக் கம்பி மட்டும் நம்மூர் வரை வந்துவிட்டது. அந்தக் கம்பம் எனக்குப் பிடிக்கும். என் வருத்தமெல்லாம் அதில் மாட்டும் பல்பைப் பற்றித்தான்.

பெரும்பாலும் 6500 கெல்வின் வெள்ளை. மறைப்பில்லாத உருண்டையில் மாட்டினால் பாதி வெளிச்சம் வானத்துக்குப் போகிறது, மீதியில் பெரும்பங்கு நடப்பவர் கண்ணைக் கூசவைக்கிறது. நீலம் மிகுந்த இந்த ஒளி பூச்சிகளையும் அதிகம் இழுக்கும். மக்காச்சோளமும் பருத்தியும் விளையும் ஊரில், பூச்சியைக் காட்டிலேயே பிடிக்க உதவிய வெளிச்சம் இன்று அதை வீட்டு வாசலுக்கே கூட்டிவருகிறது. 1751இல் வாலிகண்டபுரப் போரைக் கண்டது எங்கள் ரஞ்சன்குடிக் கோட்டை. அதன் கொத்தளங்களுக்கு மேலே சிறுவயதில் நான் பார்த்த விண்மீன்கள் இந்த வெளிச்சத்தில் மங்கிவிட்டன. இத்தனை விளக்கு இருந்தும், மதில் சுவருக்கு வெளியே சந்து இருட்டாகவே கிடக்கிறது.

கம்பம் எந்த வடிவத்திலும் இருக்கட்டும். மேலே மூடி இருந்து, ஒளி கீழே விழுவதாகப் பார்த்து வாங்குங்கள். 2700 முதல் 3000 கெல்வின் வரையுள்ள மஞ்சள் பல்ப் போதும். ஒரு விளக்காவது சந்துக்கு வெளிச்சம் தரட்டும். மழையில் நனையும் உலோகக் கம்பத்தைக் குழந்தைகள் தொடுவார்கள். எர்த் கொடுத்தாயிற்றா என்று நேரில் பார்க்காமல் எலக்ட்ரீஷியனை அனுப்பாதீர்கள்.