காலியா? காலி செய்!

கேள்வி: பிரவுசர் இன்ஜின் நிரலில் ஒரே ஒரு ஃபங்ஷனை மாற்றி அழைத்துவிட்டால் குடியா முழுகிவிடும்?

பதில்: முழுகும்! வெப்கிட், பிளிங்க் என்ற பிரவுசர் இன்ஜின்கள் இரண்டும் பெரும்பாலும் சி பிளஸ் பிளஸ் மொழியில் எழுதப்பட்டவை. அம்மொழியின் பட்டியலில் ‘எம்ப்டி’ என்ற ஃபங்ஷனை அழைத்தால் பட்டியல் காலியாகாது; ‘காலியா?’ என்று பார்த்துச் சொல்லும், அவ்வளவே. காலி செய்ய ‘கிளியர்’ வேண்டும். வீட்டுக்காரர் ‘வீடு காலியா?’ என்பதற்கும் ‘வீட்டைக் காலி செய்’ என்பதற்கும் உள்ள வித்தியாசம்! இலக்கணப் பிழை இல்லாததால் கம்பைலர் தடுக்காது. பழைய தகவல் உள்ளேயே தங்கிவிடும். அதனால்தான் சி பிளஸ் பிளஸ் 20 தரத்தில், ‘எம்ப்டி’ தரும் விடையைப் பயன்படுத்தாமல் விட்டால் கம்பைலர் எச்சரிக்க வழி செய்தார்கள். திருத்தம் ஒரே சொல்தான். அதோடு ஒரு சோதனையும் எழுதி, இன்னொருவரைச் சரிபார்க்கச் சொல்லுங்கள். எச்சரிக்கையை மட்டும் ஒருபோதும் அலட்சியம் செய்யாதீர்கள்.