எத்தனை கிலோ?

பிள்ளை வளர்க்க ஏழு வருஷப் படிப்பா என்று இனி எவராவது கேட்டால், பந்தியிலிருந்து பாதியில் எழுந்துவிடுவது என்று முடிவு செய்திருக்கிறேன். பாயசம் வந்த பிறகுதான் எழுவேன். ஆனால் கட்டாயம் எழுவேன்.

போன ஞாயிற்றுக்கிழமை தருமபுரிப் பக்கம் எங்கள் கடத்தூரில் ஒரு காதுகுத்து. மாமன் மடியில் உட்கார வேண்டிய குழந்தைக்குக் காலையிலிருந்தே உடம்பு அனலாகக் கொதித்தது. ஒரு கையில் பிள்ளையும் மறுகையில் காய்ச்சல் மருந்துமாக அதன் அம்மா வந்து, என் அக்கா மகளிடம், "பாப்பா, நீ நர்சுதானே, எவ்வளவு ஊத்தட்டும்?" என்று கேட்டது. பாப்பா நாலு வருஷம் பி.எஸ்சி. நர்சிங் முடித்தவள். ஒரு வருஷம் ஆஸ்பத்திரி வேலை பார்க்காமல் எம்.எஸ்சி.யில் சேரக்கூடாது என்று விதி இருப்பதால் அதையும் பார்த்தாள். இப்போது ரெண்டு வருஷ எம்.எஸ்சி.யில் குழந்தைகள் நலச் செவிலியம் படிக்கிறாள். கேட்க வேண்டியதைத்தான் கேட்டாள்.

"எத்தனை கிலோக்கா?"

பக்கத்தில் வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவிக்கொண்டிருந்த பெரியம்மா நிமிர்ந்தார். "ஏழு வருஷம் படிச்சுட்டுப் பச்சப்புள்ளைய எத்தனை கிலோன்னு கேக்குது பாரு. இதென்ன கறிக்கடையா?"

மண்டபமே சிரித்தது. பக்கத்து இலைக்காரர் சிரித்த சிரிப்பில் அவர் ரசம் என் இலைக்கு ஓடிவந்தது. சிரிக்காதவர்கள் அவளும் நானும். காய்ச்சல்காரனையும் சேர்த்தால் மூன்று பேர்.

இந்தப் படிப்பு ஏன் வேண்டும் என்பதற்கு என்னிடம் மிக முக்கியமான ஒரு காரணம் இருக்கிறது. அதைச் சொல்லத்தான் இதை எழுத உட்கார்ந்தேன். அதற்கு முன்னால் இந்தக் கிலோ சமாச்சாரத்தை மட்டும் முடித்துவிடுகிறேன்.

நான் ஹார்டுவேர் கடைக்காரன். ஆணியும் கட்டுக்கம்பியும் எடை போட்டுப் பிழைக்கிறவன். வருஷா வருஷம் என் தராசுக்கு முத்திரை வாங்குகிறேன். எடை விஷயத்தில் எங்கள் ஊரைப் போலக் கறாரான ஊரை நான் பார்த்ததில்லை. மரவள்ளிக்கிழங்கு மூட்டைக்கு எவ்வளவு கழிவு என்று சண்டை போட ஆரம்பித்தால், கிழங்கு அங்கேயே முளைத்துவிடும். புளி வாங்கினால் கொட்டை எத்தனை, ஓடு எத்தனை என்று கணக்கு. கம்மலா, மில்லிகிராம் வரைக்கும் மனப்பாடம். பத்து வருஷத்துக்கு முன் அடகு வைத்ததன் எடையைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார்கள். வெற்றிலையை எடை போடுவதில்லை, எண்ணுவதுதான். ஆனால் கவுளியில் ஒரு இலை குறையட்டும், அப்புறம் பாருங்கள்.

இதே ஆட்களிடம் குழந்தை எத்தனை கிலோ என்று கேளுங்கள். "இருக்கும்பா ஏதோ." கண்ணு பட்டுவிடுமாம்.

பிறந்த அன்றைக்கு மட்டும் இந்தச் சட்டம் செல்லாது. குழந்தை அழுகிறதோ இல்லையோ, போன் வந்துவிடும்: "பையன். மூணு கிலோ இருநூறு." இருநூறை அழுத்திச் சொல்வார்கள். ரெண்டரைக்குக் கீழே என்றால் கிலோ போய், "கொஞ்சம் சன்னமா இருக்கான்" என்று வரும். அந்த ரெண்டரைதான் புத்தகத்திலும் கோடு, 2.5 கிலோவுக்குக் குறைந்தால் எடை குறைந்த குழந்தை. எங்கள் ஊர்க்காரர்களுக்கு இதை யார் சொல்லிக்கொடுத்தார்களோ, கோடு மட்டும் சரியாகத் தெரிகிறது. முதல் வாரத்தில் எந்தக் குழந்தையும் கொஞ்சம் இளைக்கும், பத்து நாளில் விட்டதைப் பிடித்துவிடும் என்கிறாள் பாப்பா. அந்தப் பத்து நாளில் இங்கே நாலு பேர் மந்திரித்துக் கயிறு கட்டியிருப்பார்கள். கயிற்றையும் சேர்த்து எடை போட்டால் ஏறத்தானே செய்யும்?

அதன் பிறகு குழந்தையின் எடை ராணுவ ரகசியம். அங்கன்வாடித் திட்டம் 1975-இல் வந்தது. அன்றிலிருந்து மாதாமாதம் பிள்ளையைத் தராசில் தொங்கவிட்டு அட்டையில் புள்ளி வைக்கிறார்கள். அட்டை பீரோவில் புடவைக்கு அடியில் பத்திரமாக இருக்கும். எடை போட்ட கையோடு கன்னத்தில் ஒரு மைப்பொட்டு, வீட்டுக்குப் போனதும் உப்பு மிளகாய் சுற்றல். கோயிலில் துலாபாரம் என்றால் மட்டும் தட்டில் பிள்ளையை உட்கார வைத்து, எதிர்த்தட்டில் வெல்லம் ஏற்றி, முள் நேராக நிற்கிறதா என்று குனிந்து பார்க்கிறார்கள். சாமிக்குத் தெரியலாம், நர்சுக்குத் தெரியக்கூடாது.

இதில் என்னால் பொறுக்க முடியாதது, எல்லாரும் கண்ணாலேயே எடை போடுகிறவர்கள் என்பதுதான். வாசலில் செருப்பைக் கழற்றும்போதே, "ஏன் புள்ள எளைச்சுட்டான்?" போன பொங்கலுக்குப் பார்த்ததற்கு இப்போது இளைத்துவிட்டானாம். அவ்வளவு நுணுக்கமாகப் பார்க்கத் தெரிந்த கண்ணுக்கு எண் மட்டும் தெரியாது. எத்தனை கிலோ இளைத்தான் என்று ஒரு தடவை ஓர் அத்தையிடம் நான் திருப்பிக் கேட்டேன். அந்த அத்தை இப்போதெல்லாம் என் கடைக்கு ஆணி வாங்க வருவதில்லை.

பாப்பா படிப்பதெல்லாம் கிலோதான். காய்ச்சல் மருந்தையே எடுத்துக்கொள்ளுங்கள். பாராசிட்டமால் ஒரு கிலோவுக்கு 10 முதல் 15 மில்லிகிராம் வரை. பத்துக் கிலோக் குழந்தைக்கு 15 வீதம் 150 மில்லிகிராம். கடையில் சொட்டு மருந்து என்று ஒரு சின்னப் புட்டி இருக்கிறது. அதில் ஒரு மில்லியிலேயே 100 மில்லிகிராம், எனவே ஒன்றரை மில்லி போதும். சிரப் என்று இன்னொன்று, 5 மில்லியில் 125 மில்லிகிராம். அதில் 6 மில்லி கொடுக்க வேண்டும். ரெண்டும் ஒரே பேர், ஒரே காய்ச்சல், ஒரே அலமாரி. சிரப் அளவை நினைத்துக்கொண்டு சொட்டு மருந்தில் 6 மில்லி ஊற்றினால் 600 மில்லிகிராம் உள்ளே போய்விடும், நாலு மடங்கு. அதனால்தான் அவள் புட்டியைத் திருப்பிப் பார்த்தாள், அதனால்தான் கிலோ கேட்டாள். கறிக்கடைக்காரர் இவ்வளவு யோசிக்கிறாரா? எங்கள் வீடுகளில் அளவு என்பது 'ஒரு மூடி'. எந்தப் புட்டியின் மூடி என்பது அவரவர் குலதெய்வத்தின் பொறுப்பு.

குளுக்கோஸ் ஏற்றுவதற்கும் இப்படித்தான். 1957-இல் ஹாலிடே, சீகர் என்று இரண்டு டாக்டர்கள் போட்ட கணக்கை இன்றைக்கும் படிக்கிறார்கள்: முதல் பத்துக் கிலோவுக்குக் கிலோவுக்கு 100 மில்லி, அடுத்த பத்துக்கு 50, அதற்கு மேலே 20. பன்னிரண்டு கிலோப் பிள்ளைக்கு ஒரு நாளைக்கு 1,100 மில்லி. உள்ளே போவது மட்டுமா? நனைந்த நாப்கினையும் எடை போட வேண்டும். காய்ந்த நாப்கினின் எடையைக் கழித்துவிட்டால், மிஞ்சும் ஒவ்வொரு கிராமும் ஒரு மில்லி மூத்திரம். மூட்டைக் கழிவு கழிக்கிற அதே கணக்கு! இதைக் கேட்ட அன்றைக்குத்தான் எனக்கும் இந்தப் படிப்புக்கும் ஒரு சொந்தம் ஏற்பட்டது. சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது இதை விளக்கினேன் என்பதற்காக என் மனைவி தட்டோடு கூடத்துக்குப் போய்விட்டாள்.

தராசு இல்லாத இடத்துக்கும் சூத்திரம் வைத்திருக்கிறார்கள். மூன்று மாதத்திலிருந்து ஒரு வயது வரை, மாதத்தோடு 9 கூட்டி 2-ஆல் வகுக்க வேண்டும். ஏழு மாதக் குழந்தை சுமார் எட்டுக் கிலோ இருக்கலாம். ஒன்றிலிருந்து ஆறு வயது வரை, வயதை இரட்டித்து 8 கூட்ட வேண்டும். நாலு வயசுக்குப் பதினாறு. இதைக் கற்றுக்கொண்ட நாளிலிருந்து தெருவில் போகிற பிள்ளைகளையெல்லாம் மனசுக்குள் வகுத்துக்கொண்டிருக்கிறேன். தோராயத்துக்குத்தான் மாமா இது, மருந்துக்குத் தராசுதான் என்று அவள் சொன்னதை நான் காதில் வாங்கவில்லை. பஸ்ஸில் டிக்கெட் எடுக்காத பையனுக்கு எட்டு வயசு இருக்கும் என்று கண்டக்டரிடம் சொல்லி ஒரு குடும்பத்தின் பகையையும் சம்பாதித்திருக்கிறேன்.

ஒரு நாள் சாயங்காலம் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டுக் கணக்குப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு பெண் குனிந்து உள்ளே வந்தது. இடுப்பில் துண்டு போர்த்திய குழந்தை. "அண்ணே, உங்க தராசுல கொஞ்சம்..." என்று இழுத்தது. மேடைத் தராசில் துண்டை விரித்து, துண்டின் எடையைப் பூஜ்யமாக்கி, குழந்தையை உட்கார வைத்தேன். அது ஆணிப் பெட்டியைப் பார்த்துக் கையை நீட்டியதில் எண் ஏறி இறங்கி, கடைசியில் 7.340-இல் நின்றது. சத்தமாகப் படிக்க வாயெடுத்தேன்; அந்தப் பெண் பதறிப்போய், எழுதிக்கொடுங்கள் என்று ஜாடை காட்டியது. பில் தாளில் எழுதிக்கொடுத்தேன். மடித்து ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டு, "அத்தை கேட்டா ஏழுன்னு சொல்லிக்கிறேண்ணே, முன்னூத்தி நாப்பது நமக்குள்ள இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டுப் போனது. மாமியார் கண்ணுக்குப் பயந்து மறைக்கிற அந்த முன்னூற்று நாற்பது கிராம், ஒரு நாள் மருந்துக் கணக்கில் வந்து நிற்கும் என்று அதனிடம் சொல்ல நினைத்தேன். அதற்குள் தெருமுனையைத் தாண்டிவிட்டது.

சரி, கிலோ முடிந்தது. காரணத்துக்கு வருகிறேன்.

வருவதற்குள், ஏதோ நேற்று முளைத்த படிப்பு என்று நினைக்கிறவர்களுக்காக ஒரு வார்த்தை. எங்கள் பக்கத்து மொரப்பூரில் ரயில் ஏறினால் ஜோலார்பேட்டை தாண்டிக் காட்பாடி, அங்கிருந்து வேலூர். அந்த வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் 1946-லேயே நர்சிங்குக்குப் பட்டப்படிப்பு வந்துவிட்டது, டெல்லியிலும் அதே வருஷம். நாட்டுக்குச் சுதந்திரம் வருவதற்கு முந்தின வருஷம். லண்டனில் கிரேட் ஆர்மண்ட் தெருவில் குழந்தைகளுக்கென்றே 1852-இல் ஆஸ்பத்திரி திறந்த சார்லஸ் வெஸ்ட், இரண்டு வருஷம் கழித்து, நோயாளிக் குழந்தைகளை எப்படிக் கவனிப்பது என்று ஒரு புத்தகமும் எழுதினார். அங்கே இன்றைக்குக் குழந்தைகள் நர்சிங் என்றே நேராகப் பட்டப்படிப்பில் சேரலாம். இங்கே முதலில் எல்லாருக்குமான நாலு வருஷம். அதில் குழந்தைகள் நலம் ஐந்தாவது, ஆறாவது செமஸ்டரில் வருகிறது. அதையே தனியாகப் படிக்க வேண்டுமென்றால் எம்.எஸ்சி.தான்.

இதையெல்லாம் பெரியம்மாவிடம் மண்டபத்திலேயே சொன்னேன். "நாங்க பெத்து வளக்கலையா? இந்த ஏழு வருஷத்துக்கு மூணு பெத்திருக்கும் இந்தப் பொண்ணு" என்றார். சங்கில் பால் புகட்டத் தெரியுமா என்று பாப்பாவிடமே கேட்டார். தெரியுமாம். உறிஞ்சத் தெம்பில்லாத குறைமாதக் குழந்தைக்குப் பாலாடையில் புகட்டுவது அவர்கள் பாடத்திலேயே இருக்கிறது. 'பாலாடை' என்ற பேரிலேயே ஆங்கிலப் புத்தகத்தில் அச்சாகியிருக்கிறதாம். "பாத்தியா, எங்கிட்ட இருந்துதான் எடுத்திருக்கான்" என்று பெரியம்மா ஒரு பிடி வெற்றிலையை வெற்றியோடு வாயில் போட்டுக்கொண்டார்.

எனக்கு எரிச்சல் தலைக்கேறியது. "நீங்க எத்தனை பெத்தீங்க பெரியம்மா?" என்றேன். எட்டு என்றார். எத்தனை தங்குச்சு என்றேன். "அஞ்சு இருக்குது" என்று சொல்லிவிட்டு, மெல்லுவதை நிறுத்தாமல் தன் பேத்தி பக்கம் திரும்பிக்கொண்டார். வளர்த்தோம், வளர்த்தோம் என்று மார்தட்டுகிற இதே தருமபுரியில்தான், 1992-இல் சேலத்தில் ஆரம்பித்த தொட்டில் குழந்தைத் திட்டம் 2001-இல் வந்து தொட்டில் கட்டியது. பிறந்தது பொம்பளப் பிள்ளை என்றால் எத்தனை கிலோ என்று போன் போட்டுச் சொல்ல ஆள் இல்லாமல் இருந்த வீடுகள் இங்கே இருந்தன. இதை மண்டபத்தில் சொல்லவில்லை. காதுகுத்து வீட்டில் சொல்லக்கூடாது என்று அக்கா என் தொடையைக் கிள்ளிவிட்டாள்.

காய்ச்சல்காரனுக்கு என்ன ஆனது என்று கேட்பீர்கள். பாப்பா அவனை இடுப்பில் வைத்துக்கொண்டு மண்டபத்துக்குப் பக்கத்து மருந்துக்கடைத் தராசில் தானும் ஏறி, அப்புறம் அவனைக் கொடுத்துவிட்டுத் தனியாகவும் ஏறிக் கழித்துக்கொண்டாள். எத்தனை என்று யாரிடமும் சொல்லவில்லை, மருந்தை மட்டும் அளந்து கொடுத்தாள். தன் எடை எனக்குத் தெரிந்துவிட்டதே என்றுதான் அவளுக்குக் கவலை. படித்தவளும் அந்த ஊர்தானே.

இனிமேல் ஒத்திப்போட முடியாது, அந்தக் காரணத்தைச் சொல்லிவிடுகிறேன் என்று பேனாவைத் திறந்தால், கடை வாசலில் ஒருவர். எங்களுக்குத் தூரத்துச் சொந்தம்தான். சட்டைப் பையிலிருந்து மாத்திரை அட்டையை எடுத்து நீட்டி, "உங்க பாப்பா நர்சாமே மாப்ள, இந்தச் சர்க்கரை மாத்திரையைச் சாப்பாட்டுக்கு முன்னால போடறதா பின்னாலயான்னு கேட்டுச் சொல்லுங்க" என்றார்.

அவள் படிப்பது குழந்தைகளுக்கான நர்சிங், உங்கள் டாக்டரையே கேளுங்கள் மாமா என்றேன்.

"ஓ, சின்ன நர்சா" என்று முகம் வாடிப்போனார். "பரவாயில்ல விடுங்க. பெரியவங்களைப் பாக்கிற நர்சா எப்ப பிரமோசன் வரும்?"

அரைக் கிலோ கட்டுக்கம்பி கேட்டார். தராசில் ஐந்நூறு காட்டியதும் வெட்டினேன். எப்போதும் சொந்தக்காரர்களுக்குக் கொஞ்சம் கூட விடுவது வழக்கம். அன்றைக்கு விடவில்லை.