காற்றில் ஒளிந்திருக்கும் தண்ணீர்

கேள்வி: ஏர் ரைஃபிளுக்கு வீட்டிலேயே காற்றடிக்க, விலை குறைந்த ஹை பிரஷர் கம்ப்ரஸர் வாங்கலாமா?
– வாசகர், உத்திரமேரூர்

பதில்: தாராளமாக வாங்கலாம், மிச்சமாகும் காசைக் காற்றை உலர்த்தச் செலவழிப்பதானால்! பஞ்சர் கடையில் கார் டயருக்கு அடிப்பது சுமார் 2 பார். உங்கள் துப்பாக்கி கேட்பதோ 200 பார். அதன் 200 சிசி சிலிண்டருக்குள் 40 லிட்டர் காற்று போயாக வேண்டும். ஐப்பசி அடைமழையில் அந்தக் காற்றோடு ஏறக்குறைய ஒரு கிராம் தண்ணீரும் ஆவியாக வரும். அழுத்த அழுத்த அது நீராகப் பிரியும். வழியில் பிடிக்காவிட்டால் இரும்பு சிலிண்டர் உள்ளேயே துருப்பிடிக்கும். துருவேறிய சிலிண்டரில் 200 பார் என்பது கன்னத்தை ஒட்டி வைத்துக்கொள்ளும் பொருளல்ல.

“மெஷினோடு ஃபில்டர் தருகிறார்களே?” என்பீர்கள். விரல் நீள ஃபில்டரின் பஞ்சு சீக்கிரமே ஊறிவிடும். ஈரம் பட்டால் நிறம் மாறும் சிலிக்கா ஜெல் அடைத்த, 300 பார் தாங்கும் பெரிய ஃபில்டரைத் தனியே மாட்டுங்கள். அடிக்கும்போதே அவ்வப்போது வடிகால் திருகைத் திறந்து தண்ணீரை வெளியேற்றுங்கள். மெஷின் சூடேறினால் நிறுத்திவிடுங்கள்; சூடும் எண்ணெயும் உயரழுத்தக் காற்றும் சேர்ந்தால் உள்ளேயே தீப்பற்றக்கூடும். கைப்பம்பு போதாதா என்றால், ஒரே துப்பாக்கி, எப்போதாவது பயிற்சி என்பவருக்கு அது தாராளம். கடைசியாக ஒன்று: வேடந்தாங்கல் பறவைகள் உங்கள் ஊர் ஏரிக்கும் இரை தேடி வரும். அதனால் குறி காகித அட்டையில் மட்டும் இருக்கட்டும்.