ஸ்வெத்லானா என்றொரு ஆண்பிள்ளை

ரஷ்யாவில் எந்தப் பள்ளிக்கூடத்திலும் டீச்சர்கள் அறையில் ஒரு ஸ்வெத்லானாவாவது இருப்பார். இவ்வளவு புழங்கிய பெயருக்கு ஆயிரம் வருடப் பூர்வீகம் தேடினால் ஏமாற்றம்தான். வஸ்தோகவ் என்ற கவிஞர் 1802இல் தன் கதைப்பாட்டுக்காகச் செய்துகொண்ட பெயர் அது.

அதைப் பிரபலமாக்கியது, 1813இல் வெளிவந்த, ஷுகோவ்ஸ்கி என்ற கவிஞரின் 'ஸ்வெத்லானா' கதைப்பாட்டு. கண்ணாடிக்கு முன்னால் மெழுகுவத்தி ஏற்றிக் குறி பார்க்கிறாள் ஒருத்தி. காதலன் பிணமாகக் கிடப்பதாகக் கனவு. விடிந்தால் ஆள் உயிரோடு வந்து நிற்கிறான். வாசகர்கள் சொக்கிப்போனார்கள்.

சொக்கி என்ன செய்ய? மகளுக்கு வைக்க முடியாது. திருச்சபை நாட்காட்டியில் அப்படியொரு புனிதை இல்லை. பாதிரியார் ஞானஸ்நானம் கொடுக்க மாட்டார். பெயர் வேறு ஆள் தேடியது. அகப்பட்டவர் ஷுகோவ்ஸ்கியேதான். பீட்டர்ஸ்பர்க்கில் 1815இல் தொடங்கிய அர்ஸமாஸ் என்ற இலக்கிய ஜமாவில் அவருடைய கதைப்பாட்டுகளிலிருந்தே ஆளுக்கொரு பட்டப்பெயர். புஷ்கின், சுவர்க்கோழி. பின்னாளில் கல்வி அமைச்சரான உவாரவ், கிழவி. பட்டத்து இளவரசருக்கே பாடம் சொல்லப்போகிற ஷுகோவ்ஸ்கி, அந்த ஜமாச் சகாக்களுக்கு ஸ்வெத்லானா!

அடுத்தது ஒரு போர்க்கப்பல், 1858இல். அந்தக் கப்பல் வந்துபோன பெருமைக்காக 1873இல் விளதிவஸ்தோக்கின் பிரதான வீதிக்கும் அதே பெயர். கவிதை, கவிஞர், கப்பல், கடைத்தெரு எல்லாம் ஆயிற்று. பெண்குழந்தைகள்தான் பாக்கி. ஆசையை அடக்க முடியாத ஒருசில வீடுகளில், கோயிலில் ஃபொத்தினியா, வீட்டில் ஸ்வெத்லானா. கிணற்றடியில் இயேசுவிடம் பேசிய சமாரியப் பெண்ணுக்கு மரபு வைத்த பெயர் ஃபொத்தினியா. இரண்டுக்கும் வேர் ஒளிதான் என்பதால் பாதிரியாருக்கும் மனக்குறை இல்லை.

புரட்சி வந்தது, பெயர்ப் பதிவு பாதிரியார் கையைவிட்டுப் போனது. லெனினைத் திருப்பிப்போட்டு 'நினெல்' என்று பெண்களுக்கு வைத்த காலத்தில் ஸ்வெத்லானாவை யார் தடுப்பது? 1924இல் விளதிவஸ்தோக் வீதி மட்டும் ஸ்வெத்லானாவை விட்டு லெனின் பெயருக்கு மாறியது. 1926இல் ஸ்டாலின் தன் மகளுக்கு ஸ்வெத்லானா என்று வைத்தார். அதற்குமேல் அந்தப் பெயருக்குச் சிபாரிசு வேண்டுமா! (அந்த மகள் பிற்காலத்தில் அமெரிக்காவுக்குப் போய் லானா பீட்டர்ஸ் ஆனது வேறு கதை.)

1948இல் மட்டும் இரண்டு பெரிய ஸ்வெத்லானாக்கள் பிறந்தார்கள். அலெக்ஸியேவிச் 2015இல் இலக்கிய நோபல் வாங்கினார். சவீத்ஸ்கயா 1982இல் விண்வெளிக்குப் போனார். சல்யூட்-7 நிலையத்துக்குள் நுழைந்தவரை அங்கிருந்த வீரர் வரவேற்றது சமையல் ஏப்ரனோடு. 1984இல் மறுபடி போனவர், நிலையத்துக்கு வெளியே மிதந்துகொண்டே வெல்டிங் வேலை பார்த்தார்.